பன்னீர் திராட்சை இனித்தும் கறுக்கவில்லையா?

அண்ணாச்சி, வள்ளியூர்ப் பக்கம் ஜனவரி கடைசியில் கவாத்து செய்து (கொடியை வெட்டிவிட்டு), மே கடைசியில் பறித்தால் சாற்றின் சர்க்கரை அளவான பிரிக்ஸ் 19 இருந்தும் பழம் கறுக்கவில்லை, சாறும் சப்பென்று இருக்கிறது, இதில் எப்படிக் குடும்பமாக ஒயின் ஆலை போடுவது என்று கேட்டிருந்தீர்கள். உரத்தைக் குறை சொல்லாதீர்கள், வெயில்தான் காரணம். 35 டிகிரிக்கு மேல் போனால் தோலில் நிறம் சரியாகக் கட்டாது. காயில் புளிப்பைத் தருகிற மாலிக் அமிலமும் சூட்டில் வேகமாகக் கரைந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழை ஓய்ந்ததும், டிசம்பர் முதல் பாதியில் கவாத்து செய்து பாருங்கள். மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் பழம் வந்துவிடும். தளிர் மழையில் மாட்டினால் அடிச்சாம்பல் நோய் வரும், அதனால் வானத்தைப் பார்த்துத்தான் கத்தரியை எடுக்க வேண்டும். பந்தலில் மேற்குப் பக்க இலையைக் கிள்ளவே கிள்ளாதீர்கள். நான் ஒரு வருசம் காற்றோட்டம் என்று கிள்ளிவிட்டு, அந்த வரிசை முழுக்க ஒருபக்கம் வெந்த பழமாகப் பறித்தேன்.

விடியுமுன் பறியுங்கள். இனிப்பை மட்டும் நம்பாமல் சாற்றின் பிஹெச்சும் பாருங்கள், புளிப்பு குறைந்தால் ஏறுகிற எண் அது. 3.6-ஐத் தாண்டினால் லிட்டர் சாறுக்கு 1 கிராம் டார்டாரிக் அமிலம் போட்டால் ஏறக்குறைய 0.1 இறங்கும். கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால், அடுத்த நடவுக்கு உப்பைத் தாங்குகிற டாக்ரிட்ஜ் வேர்ச்செடியில் ஒட்டியதை வாங்குங்கள். நாசிக்கில் ஒயினுக்கு ஷிராஸ், செனின் பிளாங்க் ரகங்கள் நன்றாகவே வருகின்றன. முதலில் பத்துச் செடி வைத்துப் பாருங்கள். ஏனென்றால் நம்மூர் ராத்திரி நாசிக் அளவுக்குக் குளிராது.

அப்புறம், மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறை உரிமம் கைக்கு வராமல் தொட்டி வாங்கிவிடாதீர்கள்.