செயலிக்கான யோசனைக்குக் காப்புரிமை கிடைக்குமா?

கேள்வி: கைபேசிக்கு வரும் செய்திகளை அவசரத்துக்கேற்ப வரிசைப்படுத்தும் செயலி ஒன்றுக்கான யோசனை என்னிடம் உள்ளது. நிரல் இன்னும் எழுதவில்லை. முதலீட்டாளர்களைச் சந்திப்பதற்கு முன் இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற முடியுமா?

பதில்: நீங்கள் விவரித்திருக்கும் அளவில் விண்ணப்பித்தால் கிடைக்காது என்றே சொல்ல வேண்டும். இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970-இன் 3(கே) பிரிவு, கணித முறை, வணிக முறை, வெறும் கணினி நிரல், அல்காரிதம் (கணக்கீட்டுப் படிமுறை) ஆகியவற்றைக் கண்டுபிடிப்பாகவே ஏற்பதில்லை. ஐரோப்பியக் காப்புரிமை உடன்படிக்கையின் 52-ஆவது பிரிவும் ஏறத்தாழ இதே விலக்கைக் கொண்டுள்ளது. அமெரிக்காவில் எல்லாவற்றுக்கும் காப்புரிமை கிடைக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் கருத்தளவிலான ஒரு யோசனையைச் சாதாரணக் கணினியில் இயக்குவதாலேயே அது காப்புரிமைக்கு உரியதாகிவிடாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆலிஸ் வழக்கில் 2014-இல் தீர்ப்பளித்துவிட்டது.

ஆயினும் கதவு முழுவதும் அடைபட்டுவிடவில்லை. கணினி நிரலை அடிப்படையாகக் கொண்டிருந்தாலும், தொழில்நுட்ப விளைவையோ தொழில்நுட்பப் பங்களிப்பையோ காட்டும் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை வழங்கலாம் என்று ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2019-இல் கூறியது. அமெரிக்காவின் டீர் வழக்கு (1981) இதற்கு நல்ல உதாரணம்: ரப்பர் வார்ப்பு அச்சின் உள்வெப்பத்தை இடைவிடாமல் அளந்து, பதப்படும் நேரத்தைக் கணினி திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, உரிய கணத்தில் அச்சைத் திறக்கும் முறை அது. அதிலிருந்த சமன்பாடு பழையது, எவருக்கும் சொந்தமில்லாதது. அதைப் பயன்படுத்திய தொழில்முறைக்கே பாதுகாப்பு கிடைத்தது.

உங்கள் செயலிக்கு வருவோம். “செய்திகளை அவசரப்படி வரிசைப்படுத்துதல்” என்பது வெறும் விருப்பம். அவசரமற்ற செய்திகளைச் சேர்த்துவைத்து, கைபேசியின் ரேடியோ பகுதி (வலையமைப்புடன் தொடர்புகொள்ளும் பகுதி) விழித்தெழும் தடவைகளைக் குறைத்து, மின்கலச் செலவை மிச்சப்படுத்தும் குறிப்பிட்ட வழிமுறை ஏதேனும் உங்களிடம் இருந்தால், பேசுவதற்கு ஒரு பொருள் இருக்கிறது. அதுவும் புதியதாகவும், துறை வல்லுநருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். என் கணிப்பில், 3(கே) பிரிவைத் தாண்டுவதைவிட உங்களுக்கு இதுவே கடினமாக இருக்கும், ஏனெனில் இந்தத் துறையில் முன்பே ஏராளமானோர் விண்ணப்பித்திருக்கிறார்கள்.

அப்படியொரு வழிமுறை உருவாகியிருந்தால், எவரிடமும் விளக்கும் முன், கண்டுபிடிப்பை விவரிக்கும் முதற்கட்ட ஆவணமான தற்காலிக விவரக்குறிப்பைக் காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்யுங்கள். 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பை அளித்துவிட வேண்டும். உருவாகவில்லையெனில் கட்டணத்தை வீணாக்காமல், முதலீட்டாளர்களிடம் ரகசியக்காப்பு ஒப்பந்தம் கேளுங்கள். அவர்களில் பலர் கையொப்பமிட மாட்டார்கள் என்பதால், செயலி தரும் பயனை மட்டும் காட்டி, உள்ளே அது இயங்கும் விதத்தைச் சொல்லாமல் விடுங்கள். நிரலை எழுதிய பின் அதற்குப் பதிப்புரிமை தானாகவே வந்துசேரும்; ஆனால் அது நீங்கள் எழுதிய வரிகளைத்தான் காக்கும், அதே யோசனையை வேறு வரிகளில் எழுதுபவரைத் தடுக்காது.