தடுக்காமல் விடப்படும் ஆள்: டிரிபிள் ஆப்ஷன் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: என் மகன் அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். விடுமுறைக்கு வந்தபோது, அங்கு முன்பு பயிற்றுவிப்பாளராக இருந்த பால் ஜான்சன் காலத்து அமெரிக்கக் காற்பந்து ஆட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டினான். பந்தை எறிவதே அபூர்வம். ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடுவதுபோல் இருந்தது. அதன் பெயர் ‘டிரிபிள் ஆப்ஷன்’ என்றான். என்ன வரப்போகிறது என்று தெரிந்தும் எதிரணியால் ஏன் தடுக்க முடியவில்லை?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: எந்த ஆட்டம் வரும் என்பது எதிரணிக்குத் தெரியும். பந்து யாரிடம் போகும் என்பதோ, பந்தை வைத்திருக்கும் அணிக்கே அந்தக் கணம்வரை தெரியாது.

நாம் ஜாலான் புசார் அரங்கில் பார்க்கும் காற்பந்து வேறு என்பதால் அடிப்படை விதியை முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் காற்பந்தில் 11 பேர் கொண்ட அணி, நான்கு முயற்சிகளுக்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். முன்னேறினால் மேலும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். வழக்கமான ஓட்டத்தில் பந்தை யார் கொண்டுபோவார் என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும்; மற்றவர்கள் ஆளுக்கு ஒருவரை மறித்து அவருக்கு வழி செய்வார்கள்.

டிரிபிள் ஆப்ஷனில் எதிரணியின் முன்வரிசையில் நிற்கும் ஒருவரை வேண்டுமென்றே யாரும் மறிப்பதில்லை. பந்தை வாங்கிய குவார்ட்டர்பேக் (அணியின் ஆட்டத்தை நடத்துபவர்), தமக்கு நேர் பின்னாலிருந்து பாய்ந்து வரும் பி-பேக் என்ற ஓட்டக்காரரின் வயிற்றில் அதை இரு கைகளாலும் வைக்கிறார். ஆனால் அவர் கண்கள் பந்தின்மீதோ பி-பேக்கின்மீதோ இல்லாமல், மறிக்கப்படாத அந்த ஆளின்மீதே இருக்கும். அந்த ஆள் பி-பேக்கை நோக்கித் திரும்பினால் குவார்ட்டர்பேக் பந்தை உருவிக்கொண்டு வெளிப்புறம் ஓடுவார். திரும்பாமல் நின்றால் பந்தை அங்கேயே விட்டுவிடுவார். பி-பேக்கும் பந்தை இறுகப் பற்றிவிடக் கூடாது. குவார்ட்டர்பேக்கின் கைகள் விலகும்வரை அதன்மேல் கைகளை மெல்ல மூடியே வைத்திருக்க வேண்டும். இருவரில் ஒருவர் அவசரப்பட்டாலும் பந்து தரையில் விழும்.

பந்தை உருவிக்கொண்டு வெளியே வந்தவருக்கு எதிரே, அதேபோல் மறிக்கப்படாத இரண்டாமவர் நிற்பார். அவர் குவார்ட்டர்பேக்கைப் பிடிக்க வந்தால், சில யார்டு தள்ளிச் சற்றுப் பின்னால் ஓடிவரும் ஏ-பேக் என்ற மற்றோர் ஓட்டக்காரரிடம் பந்து வீசப்படும்; ஏ-பேக்கைக் காக்கப் போனால் குவார்ட்டர்பேக்கே உள்ளே நுழைந்துவிடுவார். காற்பந்தில் ஒரே ஒரு தற்காப்பு ஆட்டக்காரரை நோக்கி இரண்டு தாக்குதல் ஆட்டக்காரர்கள் ஓடிவரும் நிலையை, ஒரே ஆட்டத்துக்குள் இரண்டு முறை உண்டாக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருவரையும் மறிக்காமல் மிச்சப்பட்ட ஆட்டக்காரர்கள், பின்வரிசையில் உள்ளவர்களை மறிக்கப் போய்விடுகிறார்கள்.

ஆகவே உங்கள் மகன் காட்டிய ஆட்டத்தில் தொடக்கம்தான் ஒன்று. முடிவு ஒவ்வொரு முறையும் எதிரணி நடந்துகொள்வதைப் பொறுத்தது. இதை முறியடிக்க, பி-பேக்குக்கு ஒருவர், குவார்ட்டர்பேக்குக்கு ஒருவர், ஏ-பேக்குக்கு ஒருவர் என்று பொறுப்பைப் பிரித்து, பந்து எங்கே இருந்தாலும் அவரவர் ஆளையே பிடிக்க வேண்டும். பந்தைத் துரத்துவதையே பழக்கமாகக் கொண்டவர்களுக்கு இது எளிதன்று. பல அணிகள் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே இந்த உத்தியைச் சந்திக்கின்றன. சில நாள் பயிற்சியில் தங்கள் மாற்று ஆட்டக்காரர்களை வைத்து இதே வேகத்தில் ஒத்திகை பார்க்க அவற்றால் இயலாது.

கேள்வி: அப்படியானால் பெருமை உத்திக்கா, ஜான்சனுக்கா?
– வாசகர், தெம்பனிஸ்

பதில்: உத்தி அவருடைய கண்டுபிடிப்பு அன்று. 1960களில் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் பில் இயோமன் ‘வீர்’ என்ற டிரிபிள் ஆப்ஷன் முறையை வளர்த்தார். 1968இல் டெக்சஸ் பல்கலைக்கழகம் அதே உத்திக்காக ‘விஷ்போன்’ என்ற ஆட்டக்காரர் வரிசை அமைப்பைக் கொண்டுவந்து தொடர்ந்து 30 ஆட்டங்களில் வென்றது. ஆயினும் என் வாக்கு ஜான்சனுக்கே. பெரிய குறிப்பு அட்டையைக் கையில் வைத்துக்கொள்ளாமல், மறிக்கப்படாத அந்த ஆள் இந்த முறை என்ன செய்தார் என்று பார்த்து, அடுத்த முறை யாரை யார் மறிப்பது என்பதை அவரே மாற்றுவார். இந்தக் கணிப்பைப் புத்தகத்தைப் படித்துப் பெற முடியாது.

அவர் ஜார்ஜியா சதர்ன் அணிக்கு 1999, 2000 ஆகிய ஆண்டுகளில் இரண்டாம் நிலைப் பிரிவின் தேசிய வெற்றியாளர் பட்டத்தைப் பெற்றுத் தந்தார். 2002இல் அமெரிக்கக் கடற்படைக் கல்லூரிக்குச் சென்ற முதல் பருவத்தில் இரண்டு வெற்றி, பத்துத் தோல்வி. மறு ஆண்டே எட்டு வெற்றி. 2007இல் அந்த அணி நோட்ர டேம் அணியை 46-44 என்று மூன்று கூடுதல் சுற்றுகளுக்குப் பின் வென்று, 1963க்குப் பிறகு தொடர்ந்து 43 முறை அந்த அணியிடம் தோற்ற கதையை முடித்தது. 2008 முதல் 2018 வரை ஜார்ஜியா டெக். 2009இல் வென்ற வட்டாரப் பட்டம் பின்னர் விதிமீறல் விசாரணையால் பறிபோனது. களத்தில் ஆடியதை யாரும் மறக்கவில்லை. மொத்தம் 189 வெற்றி, 99 தோல்வி. 2023இல் கல்லூரிக் காற்பந்தின் புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார்.

பந்தை எறிவதே இல்லை என்ற குறை பற்றி ஒரு சொல். 2009 பருவத்தில் அவருடைய ஆட்டக்காரர் டெமாரியஸ் தாமஸ் 46 முறை மட்டுமே பந்தைப் பிடித்து 1,154 யார்டு எடுத்தார். ஒவ்வொரு முறைக்கும் சராசரி 25 யார்டு. ஓட்டத்தைத் தடுக்க எதிரணியின் பின்வரிசை முன்னால் நகர்ந்துவிடுவதால், எப்போதாவது எறியப்படும் பந்து வெகுதூரம் போகிறது.

கேள்வி: நான் தேசிய சேவையில் இருக்கிறேன். இந்த உத்தியை இப்போது பெரும்பாலும் ராணுவக் கல்லூரிகளே ஆடுகின்றன என்கிறார்கள். இவ்வளவு நல்லது என்றால் மற்றவர்கள் ஏன் விட்டுவிட்டார்கள்?
– வாசகர், செங்காங்

பதில்: வெஸ்ட் பாய்ன்ட் (ராணுவக் கல்லூரி), அனாபொலிஸ் (கடற்படைக் கல்லூரி) போன்ற கல்லூரிகளில் படித்து முடிப்பவர்கள் சில ஆண்டுகள் படையில் பணியாற்றியாக வேண்டும், எடைக்கும் வரம்பு உண்டு. தொழில்முறை ஆட்டத்தைக் கனவு காணும் 140 கிலோ இளைஞர் அங்கே போக மாட்டார். பலசாலிகள் குறைவாக உள்ள அணிக்கு, எதிரணியின் பலசாலியை மறிக்காமலேயே விட்டுவிடும் உத்தி வரப்பிரசாதம். கடிகாரமும் அவர்கள் பக்கம்: 2018இல் ராணுவக் கல்லூரி ஓக்லஹோமா அணிக்கு எதிராக 60 நிமிட ஆட்டத்தில் 44 நிமிடங்களுக்கு மேல் பந்தைத் தன்னிடமே வைத்திருந்து, கூடுதல் நேரத்தில்தான் 28-21 என்று தோற்றது.

பெரிய கல்லூரிகளின் கணக்கு வேறு. நன்றாக எறியும் குவார்ட்டர்பேக்கும் வேகமாகப் பிடிக்கும் ஆட்டக்காரரும் தொழில்முறைக் குழுக்களின் கண்ணில் பட விரும்புவதால், இந்த உத்தி உள்ள இடத்துக்கு வரத் தயங்குகிறார்கள். ஆட்டத்தில் இரண்டு மூன்று டச்டவுன் (எதிரணியின் எல்லைக் கோட்டைப் பந்துடன் கடந்து பெறும் புள்ளிகள்) பின்தங்கிவிட்டால் ஓடி ஓடிப் பிடிப்பதற்கு நேரம் போதாது. எதிரணிக்குப் பல வாரங்கள் ஒத்திகைக்குக் கிடைத்தாலும் சிக்கல்தான்: 2008 பருவ இறுதி ஆட்டத்தில் எல்எஸ்யூ (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணி ஜார்ஜியா டெக்கை 38-3 என்று நொறுக்கியது. 2014 பருவ இறுதியில் அதே ஜார்ஜியா டெக் ஆரஞ்சு கிண்ண ஆட்டத்தில் மிசிசிப்பி ஸ்டேட் அணியை 49-34 என்று வென்றதையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. இடுப்புக்குக் கீழே மறிப்பதற்கு 2022 பருவத்தில் வந்த கட்டுப்பாடு மற்றோர் அடி. இருந்தும் 2024இல் ராணுவக் கல்லூரி 12 ஆட்டங்களில் வென்று தன் முதல் வட்டாரப் பட்டத்தைக் கைப்பற்றியது. பந்தைக் கொடுப்பதா உருவுவதா என்று ஒருவரைப் பார்த்து முடிவெடுக்கும் முறையைத் தொழில்முறைக் குழுக்களும் இன்று வேறு வடிவில் ஆடுகின்றன.

கேள்வி: நேரலையில் பார்க்க வேண்டுமானால்?
– வாசகர், ஜூரோங்

பதில்: ராணுவக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் இடையிலான ஆட்டம் வழக்கமாக டிசம்பர் மாத இரண்டாம் சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே தொடங்குகிறது, நமக்கு அது ஞாயிறு அதிகாலை நான்கு மணி. பந்தைத் தேடாதீர்கள். ஆட்டம் தொடங்கும் முன் முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவரைக் குறித்துக்கொண்டு, அவரை யாரும் மறிக்கவில்லை என்றால் அவருடைய தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மட்டும் பாருங்கள்.