தாவர எண்ணெயிலிருந்து டீசல்: ஹைட்ரஜன் பிரிவுக்காரரின் கேள்வி பதில்

சுத்திகரிப்பு ஆலையில் ஹைட்ரஜன் சேர்க்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தாவர எண்ணெயை ஹைட்ரஜனால் டீசலாக்கும் முறை பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ரியாக்டருக்குள் நடப்பதுதான் என் எல்லை. பம்பில் என்ன விலைக்கு வரும், எந்த நிறுவனத்தின் பங்கை வாங்கலாம் என்று கேட்டவர்கள் வேறு ஆளைப் பார்க்கவும்.

காரைக்குடி, கல்லூரி மாணவி: இதுவும் பயோடீசலும் ஒன்றுதானே ஐயா?

இல்லை அம்மா. பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. பயோடீசலுக்கு எண்ணெயோடு மெத்தனாலும் கொஞ்சம் காரமும் போதும். கிளிசரின் பிரிந்து அடியில் தங்கும், மேலே நிற்பது எஸ்டர். எண்ணெயில் இருந்த ஆக்சிஜன் அந்த எஸ்டருக்குள் அப்படியே இருக்கும். அதனால்தான் அது ஈரத்தை இழுக்கிறது, தொட்டியில் மாதக்கணக்கில் வைத்தால் கெடுகிறது, கிலோவுக்குக் கிடைக்கும் எரிசக்தியும் குறைகிறது.

ஹைட்ரஜன் முறையில் அந்த ஆக்சிஜனை முழுவதும் வெளியேற்றுவதுதான் வேலையே. எண்ணெய் மூலக்கூறு என்பது கிளிசரின் முதுகெலும்பில் தொங்கும் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள். 300 முதல் 400 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், பல பத்து பார் அழுத்தத்தில், நிக்கலும் மாலிப்டினமும் சல்பைடாக ஏற்றப்பட்ட அலுமினா மணிகளின் (இவைதான் வினையூக்கி) ஊடே எண்ணெயும் ஹைட்ரஜனும் சேர்ந்து இறங்குகின்றன. முதலில் சங்கிலிகளின் இரட்டைப் பிணைப்புகள் நிரம்புகின்றன. அடுத்து முதுகெலும்பு அறுபட்டுப் புரோப்பேன் வாயுவாகிப் போகிறது. கடைசியில் அமிலங்களின் ஆக்சிஜன் நீராகவோ, கார்பன் டை ஆக்சைடாகவோ, கார்பன் மோனாக்சைடாகவோ கழன்றுவிடுகிறது. மிஞ்சுவது நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன். கச்சா எண்ணெய் டீசலிலும் இது உண்டு. இங்கே கந்தகமும் அரோமாட்டிக் சேர்மங்களும் கிட்டத்தட்ட இல்லை என்பதுதான் வித்தியாசம். என்ஜினில் எவ்வளவு சட்டென்று தீப்பற்றும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண் 70க்கு மேல் நிற்கும். ஐரோப்பியத் தரப்படி சாதாரண டீசலுக்கு 51 இருந்தாலே போதும்.

ஹைட்ரஜன் சேர்த்த தாவர எண்ணெய் என்பதன் ஆங்கிலச் சுருக்கமாக இதற்குத் தொழிலில் ஹெச்.வி.ஓ. என்று பெயர். இனி அப்படியே எழுதுகிறேன்.

மதுரை வாசகர்: டால்டா செய்வதும் இப்படித்தானே?

ஒரே குடும்பம், வேறு வீடு. நிக்கலின் மேல் ஹைட்ரஜனைச் சேர்க்கும் வித்தையைக் கண்டவர் பிரான்சின் பால் சபாத்தியே. அதற்காக 1912இல் நோபல் பரிசு பெற்றார். திரவக் கொழுப்பைக் கெட்டிப்படுத்த அதைப் பயன்படுத்தி 1902இல் காப்புரிமை வாங்கியவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நோர்மன். வனஸ்பதிக்கு இரட்டைப் பிணைப்புகளில் ஒரு பகுதி நிரம்பினால் போதும். 200 டிகிரிக்குள், சில பார் அழுத்தத்தில் வேலை முடிந்துவிடும். ஆக்சிஜனை யாரும் தொடுவதில்லை. ஹெச்.வி.ஓ. ரியாக்டரில் வனஸ்பதிக் கட்டம் மேல் அடுக்கிலேயே தாண்டிப் போய்விடுகிறது.

திருப்பூர் வாசகர்: வீட்டுக் கொட்டகையில் சிறிய அளவில் செய்ய முடியுமா?

முடியாது. செய்யவும் கூடாது.

காரணத்தை ஒருமுறை விரிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு டன் எண்ணெய்க்குச் சுமார் 34 கிலோ ஹைட்ரஜன் வேண்டும். சாதாரண வெப்ப அழுத்தத்தில் அது ஏறத்தாழ 380 கன மீட்டர். கடையில் வாங்கும் பெரிய சிலிண்டரில் ஐம்பதுக்கும் மேல். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை எந்த அளவில் கலந்தாலும் அது தீப்பிடிக்கும். பிடித்த தீயும் பகலில் கண்ணுக்குத் தெரியாது. கசிவு இருக்குமோ என்று சந்தேகப்பட்டால் நீளமான துடைப்பத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பது பழைய ஆலை வழக்கம். துடைப்பத்தின் நுனி சும்மா கருகத் தொடங்கினால் அங்கேயே நின்றுவிட வேண்டும்.

இரும்புக் குழாய் தாங்கும் என்று நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. உயர் வெப்பத்தில் ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்து அதிலுள்ள கார்பனோடு சேர்ந்து மீத்தேனாகி, உள்ளிருந்தே உலோகத்தை விரிசல் விடவைக்கும். வெளியே பார்த்தால் குழாய் நன்றாகத்தான் இருக்கும். 2010 ஏப்ரலில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள அனகோர்டஸ் ஆலையில் கார்பன் எஃகால் ஆன வெப்பப் பரிமாற்றி ஒன்று இப்படித்தான் பிளந்தது. 7 பேர் இறந்தார்கள். அது பொறியாளர்களும் ஆய்வாளர்களும் இருந்த இடம். உங்கள் கொட்டகையில் யார் இருக்கிறார்கள்?

சேலம் வாசகர்: இது ஆய்வகத்தோடு நிற்கிறதா, எங்காவது உண்மையில் ஓடுகிறதா?

நன்றாகவே ஓடுகிறது. பின்லாந்தின் நெஸ்டே நிறுவனம் 2007இல் போர்வோவில் முதல் ஆலையைத் தொடங்கியது. 2010இல் சிங்கப்பூரிலும் 2011இல் ராட்டர்டாமிலும் ஆண்டுக்கு 8 லட்சம் டன் அளவில் ஆலைகள் வந்தன. இத்தாலியின் எனி நிறுவனம் வெனிஸ் அருகே இருந்த பழைய கச்சா எண்ணெய் ஆலையையே 2014இல் இதற்கு மாற்றிவிட்டது. மாற்ற முடிந்ததற்குக் காரணம், பெட்ரோலிய டீசலிலிருந்து கந்தகத்தை நீக்கும் ரியாக்டரும் இதுவும் பங்காளிகள் என்பதுதான்.

திருச்சி, வேதியியல் பேராசிரியர்: ஆக்சிஜனை நீராக வெளியேற்றாமல் கார்பன் டை ஆக்சைடாக வெளியேற்றினால் பாதிக்கும் குறைவான ஹைட்ரஜன் போதும். ஆலைக்காரர்கள் ஏன் அதை வீணடிக்கிறீர்கள்?

வாருங்கள் பேராசிரியரே, இப்படி ஒரு கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

மூன்று ஓலிக் அமிலச் சங்கிலிகள் கொண்ட எண்ணெய் மூலக்கூறான டிரைஓலீனை எடுத்துக்கொள்வோம். நீர் வழியில் ஒரு மூலக்கூறுக்கு 15 ஹைட்ரஜன் மூலக்கூறுகள் செலவாகின்றன. உங்கள் வழியில் 6. அதாவது டன்னுக்கு 34 கிலோவுக்குப் பதில் 14 கிலோ. இதுவரை நீங்கள் சொல்வது சரி. ஆனால் என் வழியில் டன்னுக்கு 862 கிலோ டீசல் இறங்குகிறது, உங்கள் வழியில் 815. ஒவ்வொரு சங்கிலியும் ஒரு கார்பனை இழந்து 18க்குப் பதில் 17ஆகச் சுருங்குகிறது. விற்க வேண்டிய கார்பனைப் புகைபோக்கிக்கு அனுப்புகிறீர்கள்.

அடுத்தது, ரியாக்டரில் ஹைட்ரஜன் ஒருமுறை போய் வெளியேறுவதில்லை. சுற்றிச் சுற்றி வருகிறது. நீங்கள் உண்டாக்கிய கார்பன் டை ஆக்சைடும் அதோடு சுற்றும். அது ஹைட்ரஜனோடு சேர்ந்து கார்பன் மோனாக்சைடும் நீருமாகும். மேலும் போனால் மீத்தேனாகும். முழுவதும் மீத்தேனாகிவிட்டால் 3 கார்பன் டை ஆக்சைடுக்கு 12 ஹைட்ரஜன். முதலில் செலவான 6ஐச் சேர்த்தால் 18. மிச்சம் பிடிக்கப் போய் என் 15ஐத் தாண்டிவிடுகிறீர்கள்.

கோவில்பட்டி வாசகர்: வடை சுட்ட எண்ணெயை டிராக்டரில் நேரே ஊற்றலாமா?

ரூடால்ஃப் டீசலின் வகை என்ஜின் 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் கடலை எண்ணெயில் ஓடியது. உங்கள் டிராக்டரின் இன்ஜெக்டர் அந்தக் காலத்தது அல்ல. ஊற்றாதீர்கள்.

மீண்டும் பேராசிரியர்: 18 என்பது பூச்சாண்டி. சல்பைடு வினையூக்கி மீத்தேனாக்கத்தில் மந்தமானது.

மந்தம்தான். 18 என்பது மேல் எல்லை, முழுவதும் ஆனால் என்றுதான் எழுதினேன். ஆனால் கார்பன் மோனாக்சைடு வரையான முதல் படி மந்தமில்லை. அங்கேதான் ஆலையில் தலைவலி. கார்பன் டை ஆக்சைடை அமீன் கரைசலில் கழுவி எடுத்துவிடலாம். மோனாக்சைடு அமீனுக்குப் பிடிபடாது. அது சுற்றில் சேர்ந்துகொண்டே போகும், வினையூக்கியின் மேற்பரப்பில் உட்கார்ந்து வேலையைக் கெடுக்கும். அதைக் குறைக்கச் சுற்று வாயுவில் ஒரு பங்கைத் திறந்துவிட வேண்டும். அதோடு நல்ல ஹைட்ரஜனும் வெளியேறும். நீங்கள் மிச்சம் பிடித்த ஹைட்ரஜனில் ஒரு பகுதி அந்த வால்வு வழியாகப் போகிறது.

நடைமுறையில் இரண்டு வழியும் ஒரே ரியாக்டரில் சேர்ந்தே நடக்கும். எது எவ்வளவு என்பதை ஆய்வகத்தில் பார்த்தவுடனே சொல்லலாம். இயற்கை எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் பெரும்பாலும் இரட்டைப்படைக் கார்பன் கொண்டவை. சேர்மங்களைப் பிரித்துக் காட்டும் குரோமட்டோகிராம் தாளில் 17 கார்பன் சங்கிலியும் 18 கார்பன் சங்கிலியும் அடுத்தடுத்து இரண்டு கூர்முனைகளாக நிற்கும். 18 உயர்ந்திருந்தால் நீர் வழி. 17 எழத் தொடங்கினால் பேராசிரியர் வழி. காலையில் அந்தத் தாள் கைக்கு வந்ததும் நான் முதலில் பார்த்து வந்தது அந்த இரட்டையரைத்தான்.

ராஜபாளையம், மெஸ் நடத்துபவர்: எங்களிடம் மிஞ்சும் எண்ணெயை இதற்குக் கொடுக்கலாமா?

தாராளமாக, அம்மா. திரும்பத் திரும்பச் சூடாக்குவதால் உண்டாகும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலையிலிருந்து இந்தியாவில் விதி. அப்படிக் கழிந்ததைச் சேகரித்து எரிபொருளாக்க உணவுப் பாதுகாப்பு ஆணையமே ரூகோ என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதில் சேர்வோர் பெரும்பாலும் பயோடீசல்தான் செய்கிறார்கள். எங்கள் முறைக்குப் போக வேண்டுமென்றால் எண்ணெயை இன்னும் சுத்தப்படுத்த வேண்டும். பாஸ்பரஸ், சோடியம், கால்சியம் எல்லாம் வினையூக்கியின் துளைகளை அடைத்துவிடும். உப்பிலிருந்து வரும் குளோரைடு குழாய்களை அரிக்கும். பிசின் நீக்கி, வெளுக்கும் மண்ணில் வடித்த பிறகே ரியாக்டர் வாசலில் விடுவோம்.

நாமக்கல் வாசகர்: சிறிய பிரஷர் பாத்திரத்தில் சோதனையாகச் செய்து பார்க்கலாமா?

திருப்பூர்க்காரருக்குச் சொன்னதைப் படிக்கவும்.

சென்னை, ஆலை ஊழியர்: நான் பேராசிரியர் பக்கம். ஹைட்ரஜன்தான் எங்கள் ஆலையில் பெரிய செலவு. அதைக் குறைக்கும் வழியைக் கேலி செய்யாதீர்கள்.

கேலி செய்யவில்லை தம்பி. ஹைட்ரஜன் எட்டாத விலையில் இருந்து டீசல் மலிவாக இருந்தால் 17 பக்கம் சாய்வதில் நியாயம் உண்டு. பின்லாந்தின் ஓபோ அகாதெமியில் கரியில் ஏற்றிய பல்லேடியத்தை வைத்து, ஹைட்ரஜனை மிகவும் குறைத்து இதைச் செய்து காட்டினார்கள். நிறைவுற்ற கொழுப்பு அமிலத்தில் அழகாக நடக்கிறது. இரட்டைப் பிணைப்பு கூடினால் வினையூக்கி சீக்கிரம் களைத்துவிடுகிறது.

ஆனால் எல்லோரும் ஹைட்ரஜனை விலைக்கு வாங்குவதாகவே பேசுகிறீர்கள். பக்கத்துக் குழாயில் புரோப்பேன் போய்க்கொண்டிருக்கிறது. அதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. ஒரு எண்ணெய் மூலக்கூறுக்கு ஒரு புரோப்பேன். அதை நீராவியோடு வினைபுரியவைத்தால் ஏட்டுக் கணக்கில் 10 ஹைட்ரஜன். தேவைப்படும் 15இல் மூன்றில் இரண்டு பங்கு எண்ணெய்க்குள்ளேயே இருக்கிறது. உலை எரிய வெப்பம் வேண்டும் என்பதால் முழுவதும் கைக்கு வராது. ஆனாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து எடுத்தால் ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9, 10 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். டன் எண்ணெய்க்கு 300 கிலோவுக்கு மேல். டீசலைப் பசுமை என்று விற்பவர் ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும்.

ஊட்டி வாசகர்: குளிரில் உறையாதா?

ஒரு ரியாக்டரோடு நிறுத்திவிட்டால் ஊட்டி வேண்டாம், சென்னையின் மார்கழியே போதும். 18 கார்பன் நேர்ச்சங்கிலி 28 டிகிரியிலேயே உறைகிறது. முதல் ரியாக்டரிலிருந்து எடுத்த மாதிரி சூடாக இருக்கும்வரை குப்பியில் தண்ணீராகத் தெரியும், நிறமே இராது. ஏ.சி. ஓடும் ஆய்வகத்தில் வைத்துவிட்டுத் தேநீர் குடித்து வந்தால் வெள்ளை மெழுகாக நிற்கும். உள்ளங்கையில் பொத்திக்கொண்டால் கண்ணாடியை ஒட்டிய ஓரம் முதலில் இளகும்.

அதனால் இரண்டாவது ரியாக்டர் ஒன்று உண்டு. அங்கே பிளாட்டினம் ஏற்றிய மூலக்கூறு சல்லடையில் நேர்ச்சங்கிலிகளுக்குக் கிளை விடவைக்கிறார்கள். கிளை விட்டவை எளிதில் அடுக்கிக்கொள்ளாது; சுழியத்துக்குக் கீழே 30 டிகிரியிலும் ஓடும்படி செய்யலாம். சங்கிலிகளில் சில உடைந்து டீசலைவிட இலகுவான நாப்தாவாகிவிடும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் விலை. இன்னொரு வேடிக்கை: முதல் வினையூக்கிக்குக் கந்தகம் இல்லாவிட்டால் வேலை ஓடாது. தாவர எண்ணெயில் கந்தகம் இல்லாததால் தனியாகச் சேர்க்கிறோம். இரண்டாவதுக்கோ கந்தகம் விஷம். சேர்த்ததைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்த வாசல்.

தஞ்சாவூர் வாசகர்: மூலிகைப் பெட்ரோல் பற்றி உங்கள் கருத்து?

இல்லை.

கோவை, லாரி உரிமையாளர்: ஹெச்.வி.ஓ. கிடைத்தால் அப்படியே ஊற்றலாமா?

இவ்வகை டீசலுக்கான ஐரோப்பியத் தரமான இ.என். 15940ஐ உங்கள் லாரியின் தயாரிப்பாளர் ஏற்றிருந்தால் ஊற்றலாம். அடர்த்தி குறைவு, லிட்டர் 780 கிராம் அளவில் நிற்கும். அதனால் லிட்டருக்கு எரிசக்தி டீசலைவிடச் சில சதவீதம் குறையும்.

தர்மபுரி வாசகர்: காட்டாமணக்கு பயன்படுமா?

என் ரியாக்டருக்குச் சரிதான். டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலியக் கழகம் காட்டாமணக்கு எண்ணெயில் செய்த எரிபொருளைக் கலந்து 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து டெல்லிக்கு விமானமே பறந்தது. விளைச்சல், தண்ணீர், கூலி பற்றி விவசாயிகளிடம் கேளுங்கள். நட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பெயர் குறிப்பிடாதவர்: சூரிய மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்து வீட்டிலேயே ஹைட்ரஜன் எடுக்கிறேன். இப்போதாவது...

சூரியனிலிருந்து வந்தாலும் வெடிக்கும். இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன்.

பேராசிரியர், கடைசியாக: தேங்காயெண்ணெய் ஏறத்தாழ முழுவதும் நிறைவுற்றது. இரட்டைப் பிணைப்பு இல்லாததால் ஹைட்ரஜன் குறைவாகச் செலவாகும் என்பதையாவது ஒப்புக்கொள்கிறீர்களா?

மாட்டேன். தேங்காயெண்ணெயில் உள்ள, மூன்று 12 கார்பன் சங்கிலிகள் கொண்ட டிரைலாரினுக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர் வழியில் ஒரு மூலக்கூறுக்கு 12தான், 15 இல்லை. ஆனால் மூலக்கூறு சிறியது. அதே 6 ஆக்சிஜன் அணுக்கள் குறைந்த எடையில் உட்கார்ந்திருக்கின்றன. டன்னுக்குக் கணக்கிட்டால் 38 கிலோ. இறங்கும் திரவமும் 800 கிலோ அளவுதான், அதுவும் 12 கார்பன் சங்கிலி. டீசலைவிட விமான எரிபொருளுக்கே பொருத்தம்.