ஏழரை மணி மாத்திரை

கேள்வி: அப்பாவுக்கு வயது 76. தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போனதிலிருந்து தூக்கமில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அல்ப்ரசோலம் போடுகிறார். ராத்திரி ஏழரைக்கே கொடுத்துவிடுவோம், அப்புறம் எங்களுக்குத் தொந்தரவில்லை. இந்த மாதம் இரண்டு தடவை, நடுராத்திரி இரண்டு மணிவாக்கில் பாத்ரூம் போகும்போது விழுந்துவிட்டார். வழுக்காத டைல்ஸ் போட்டால் சரியாகுமா?
- ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: டைல்ஸ் போடுங்கள் தம்பி, வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் உங்கள் வீட்டில் ஏழரையை இழுத்துவிட்டது தரை இல்லை.

ஏழரை மணிக்குக் கைக்குழந்தை தூங்கும். இந்த வயதில் மொத்தத் தூக்கமே ஆறேழு மணி நேரம்தான். ஏழரைக்குப் படுத்தவர் இரண்டு மணிக்கு விழிக்காமல் என்ன செய்வார்? மருந்து அப்போதும் உடம்பில் இருக்கிறது. அல்ப்ரசோலம் ரத்தத்தில் பாதியாகக் குறையவே முதியவர்களுக்குச் சராசரியாக 16 மணி நேரம் பிடிக்கும், இளையவர்களுக்கு 11. மூத்திரம் முட்டிக்கொண்டு, அந்தக் குளிரில், அரைமயக்கத்தில் எழுகிறவருக்குக் கால் எப்படி நிற்கும்? 65 தாண்டியவர்களுக்கு இந்த வகை மாத்திரையைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமே சொல்கிறது. அதற்கான காரணங்களில் கீழே விழுவதும் எலும்பு முறிவதும் உண்டு. ராத்திரியில் அடிக்கடி மூத்திரம் போக வைக்கும் புராஸ்டேட் சுரப்பி வீக்கத்துக்கும் மாத்திரை போடுகிறாரா? அதில் சில, எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கிவிடும்.

'எங்களுக்குத் தொந்தரவில்லை' என்கிறீர்களே, என்ன தொந்தரவு? அம்மாவைப் பற்றியே திரும்பத் திரும்பப் பேசுகிறாரா? டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்கிறாரா? மனைவியைப் பறிகொடுத்த மனுஷனுக்குச் சோறு போட்டு, மாத்திரை கொடுத்து, விளக்கை அணைத்துவிட்டு வருவதற்கு வைத்தியம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். சாப்பிட்ட பிறகு பத்து மணிவரை அவரோடு உட்கார்ந்திருக்க வேண்டியது பெற்ற பிள்ளை. அந்த வேலையை மாத்திரையிடம் விட்டது தப்பு. என்மேல் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

அதற்காக இன்றைக்கே மாத்திரையைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். பழகின உடம்பு, சட்டென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். டாக்டர்தான் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். அதுவரை ராத்திரி முழுக்க ஒரு சின்ன பல்பு எரியட்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் மூத்திரம் பிடிக்க ஒரு பாத்திரம் இருக்கட்டும்.

டாக்டரிடம் பழைய சீட்டை மட்டும் நீட்டாமல் அப்பாவையும் கூட்டிப் போங்கள். விழுந்தபோது தலையில் அடிபட்டதா என்று சொல்லுங்கள். ஏழரைக்கே கொடுத்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள்.