ஹாண்டார்ஃபில் வாழ்வதும் கடை நடத்துவதும் எப்படி இருக்கிறது?

அடிலெய்டில் வேலை பார்ப்பதாகவும், பக்கத்து மலைமேல் ஜெர்மானியர்கள் உருவாக்கிய ஊரான ஹாண்டார்ஃபில் சின்னதாக ஒரு கடை எடுக்கலாமா என்று யோசிப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். நானும் மனைவியும் ஒன்பது வருடமாக அந்த ஊர் மெயின் ஸ்ட்ரீட்டில் கடை நடத்துகிறோம். தேன், ஊறுகாய், மெழுகுவத்தி, மரப் பொம்மை என்று கலவையான சரக்கு. குடியிருப்பது பக்கத்து மவுண்ட் பார்க்கரில், காரில் பத்து நிமிடம்.

ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் அங்கே வியாபாரமும் புரியும். ஜெர்மன் நாடுகளில் ஒன்றான பிரஷ்யாவின் அரசர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியம், அங்கிருந்த புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே வழிபாட்டு முறைக்கு வர வேண்டும் என்று கட்டளையிட்டார். அதை ஏற்காத லூத்தரன் குடும்பங்கள் ஊரை விட்டுக் கிளம்பின. 1838 டிசம்பர் கடைசியில் ஜீப்ரா என்ற கப்பல் இவர்களில் ஒரு பகுதியினரைத் தெற்கு ஆஸ்திரேலியாவில் கொண்டுவந்து இறக்கியது. அந்தக் கப்பலின் கேப்டன் டிர்க் ஹான் இறக்கிவிட்டோம் என்று போய்விடவில்லை. நில உரிமையாளர்களிடம் பேசி, மலைமேல் இவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் திரும்பினார். 1839இல் உருவான ஊருக்கு அதனால் ஹாண்டார்ஃப், அதாவது ஹானின் கிராமம், என்று பெயர். அவர் ஒரு நாளும் அங்கே குடியிருந்ததில்லை. ஜெர்மானியர்கள் வருவதற்கு முன்பே அது பெராமங்க் என்ற பூர்வகுடி மக்களின் மண். புகார்ட்டில்லா என்பது அவர்கள் வைத்த பெயர்.

என் சொந்த ஊர் பொறையார் பக்கம். தரங்கம்பாடி லூத்தரன் கோயில் மணிச்சத்தம் கேட்டு வளர்ந்தவன். 1838இல் அடிலெய்டுக்கு வந்த முதல் ஜெர்மன் மிஷனரிகள் இருவரை அனுப்பியது டிரெஸ்டன் மிஷன் சங்கம். அதே சங்கம்தான் இரண்டு மூன்று வருடத்தில் தரங்கம்பாடிக்கும் ஆள் அனுப்பியது, பின்னாளில் லைப்சிக் மிஷன் ஆனது. இது தெரிந்த நாளிலிருந்து அந்தத் தெரு எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

சரி, வியாபாரத்துக்கு வருகிறேன். இந்த ஊரின் முதல் வியாபாரிகள் பெண்கள். வெண்ணெய், முட்டை, காய்கறி எல்லாம் கூடையில் அடுக்கி, நள்ளிரவில் கிளம்பி, மலை இறங்கி அடிலெய்டு சந்தைக்கு நடந்தே போனார்கள். திரும்பி வரும்போது ஆளுக்கு இரண்டு செங்கல் தேவாலயம் கட்டச் சுமந்து வந்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அவர்கள் நடந்த பாதை இன்றும் இருக்கிறது. ஹாண்டார்ஃபிலிருந்து நகர எல்லையில் இருக்கும் போமாண்ட் வரை சுமார் 26 கிலோமீட்டர். வருடம் ஒரு முறை கூட்டமாக நடப்பார்கள். நானும் ஒரு தடவை போனேன். தோளில் ஒரு தண்ணீர் பாட்டில் மட்டும்தான். கடைசி இறக்கத்தில் கூழாங்கல் சறுக்க, முழங்கால் இரண்டும் கிடுகிடுவென ஆடின. முட்டைக் கூடையோடு இருட்டில் இந்த இறக்கத்தை ஒருத்தி எப்படி இறங்கியிருப்பாள் என்று யோசித்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று ஊர் நகரத்துக்குப் போனது, இன்று நகரம் ஊருக்கு வருகிறது. வாடிக்கையாளர் மாறவில்லை, அதே அடிலெய்டுக்காரர்தான். பலரும் இதைத்தான் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். பஸ்ஸில் வந்து இறங்கும் வெளிநாட்டுக் கூட்டத்தை நம்பிச் சரக்கு வாங்கி அடுக்குகிறார்கள். அந்தக் கூட்டம் படம் எடுக்கும், பிரெட்சல் சாப்பிடும், ஒரு மணி நேரத்தில் பஸ் ஏறிவிடும். எங்கள் கல்லாவை நிரப்புவது வருடத்துக்கு ஐந்தாறு தடவை வரும் அடிலெய்டுக் குடும்பங்கள். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்தால் அழைத்து வருவார்கள், பிள்ளைகளோடு ஸ்ட்ராபெர்ரி பறிக்க வருவார்கள். அந்தப் பண்ணை பீரன்பெர்க். 1839இல் வந்து குடியேறிய குடும்பத்தின் வாரிசுகள் இன்றும் நடத்துகிறார்கள். சீசனில் அங்கே போகும் கார்களில் பாதி எங்கள் தெருவிலும் நிற்கும்.

குக்கூ கடிகாரமும் பீர்க் குவளையும் விற்காமலில்லை. ஆனால் அவை தெற்கு ஜெர்மனிச் சரக்கு. இங்கே வந்தவர்கள் பிராண்டன்பர்க், சிலேசியா போன்ற கிழக்குப் பகுதி விவசாயிகள். மலைமேல் விளைவதையும் பக்கத்தில் செய்வதையும் நாங்கள் முன்வரிசைக்குக் கொண்டுவந்தோம். போன தடவை வாங்கிய தேன் இருக்கிறதா என்று கேட்டு வருபவர்கள் அதற்கப்புறம்தான் அதிகமானார்கள்.

செலவைச் சொல்கிறேன். கூட்டம் வருவது சனி, ஞாயிறு, பொது விடுமுறை. சம்பளம் ஏறுவதும் அன்றைக்குத்தான். சில்லறைக் கடையில் நிரந்தர ஊழியருக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மடங்கு, பொது விடுமுறையில் இரண்டேகால் மடங்கு. அதனால் அந்த நாட்களில் நானும் மனைவியும்தான் நிற்கிறோம். மகளின் பள்ளித் தோழிகள் பிறந்தநாள் எல்லாம் சனிக்கிழமையில்தான் வரும். இந்த இழப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே ஜூலைதான் குளிர்காலம். குளிரும் தூறலுமான செவ்வாய்க்கிழமைகளில் மதியம் வரை போணி ஆகாமல் உட்கார்ந்திருக்கிறோம். கோடையில் 40 டிகிரி தாண்டி, காட்டுத்தீ எச்சரிக்கை வந்துவிட்டால் தெருவே வெறிச்சோடும். 2019 டிசம்பர் 20 அன்று வடக்கே கட்லி கிரீக்கில் பிடித்த தீ 80க்கும் மேற்பட்ட வீடுகளை எரித்தது. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்பு. வாசலில் நின்று புகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வியாபாரம் பற்றிய நினைப்பே வரவில்லை.

கட்டடங்கள் பழையவை, தெருவே பாதுகாக்கப்பட்ட பாரம்பரியப் பகுதி. பெயர்ப் பலகை மாட்டவும் வெளிச்சுவர் நிறம் மாற்றவும் அனுமதி வேண்டும். எங்கள் கடைச் சுவரில் மரச்சட்டங்களுக்கு நடுவே செங்கல் அடைத்திருக்கும். ஒரு மூலை மூன்று விரல் சாய்ந்திருக்கிறது. அலமாரி காலுக்கு அடியில் மர ஆப்பு வைத்துத்தான் நேராக்கினோம். மழைக்காலத்தில் ஆப்பை மாற்ற வேண்டும்.

தமிழ்க் குடும்பங்கள் வந்தால், "தம்பி, இங்க யாராவது ஜெர்மன் பேசுவாங்களா?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். தெருவில் ஜெர்மன் காதில் விழாது. முதல் உலகப்போரில் ஜெர்மனி எதிரி நாடானதால் லூத்தரன் பள்ளிகளை மூடினார்கள், ஊர்ப் பெயரையே ஆம்பிள்சைட் என்று மாற்றினார்கள். 1935இல்தான் பழைய பெயர் திரும்பியது. எங்கள் கடைக்கு வரும் ஒரு பாட்டி, தன் அம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் ஜெர்மனில் ஜெபம் சொல்வார் என்றார். பாட்டிக்கு அதில் இரண்டு வரி நினைவிருக்கிறது. என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

கடை எடுப்பதானால் வாடகை ஒப்பந்தத்தில் பழுதுபார்ப்புச் செலவு யார் தலையில் என்று வரிக்கு வரி படியுங்கள். எங்களுக்கு முதல் வருடம் கூரை ஒழுகியபோதுதான் அந்தப் பக்கத்தையே புரட்டினோம். ஈஸ்டர் கூட்டத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை வாருங்கள், எங்கள் கடையில் ஹீட்டர் பக்கத்தில் இரண்டு நாற்காலி இருக்கிறது. கணக்குப் புத்தகத்தையே காட்டுகிறேன்.