அடிமரத்தில் பொந்து இருந்தால் மரத்தை வெட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: நாங்கள் வாங்கிய பழைய வீட்டோடு ஒரு பெரிய மரமும் வந்தது. ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும் என்கிறார்கள். தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் ஒரு பொந்து. கையை விட்டால் முழங்கை வரை போகிறது. பெரிய கிளை ஒன்று கூரைக்கு மேல் நீண்டிருக்கிறது. மரம் வெட்டுகிறவர், பொந்தில் சிமெண்ட் வைத்து அடைத்து, உச்சியை மொட்டையடித்துவிட்டால் போதும் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரோ, வேர் அஸ்திவாரத்தைத் தின்றுவிடும், அடியோடு வெட்டுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொன்னதையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். என்ன மரம் என்று நீங்கள் எழுதவில்லை. வைரம் பாய்ந்த மரமாக இருந்தால் உளுப்பு, அதாவது மரம் உள்ளே அழுகிப்போவது, மெதுவாகப் பரவும். சீக்கிரம் வளரும் இலகு மரமாக இருந்தால் வேகமாகப் பரவும். அந்த ஒரு வித்தியாசம் தவிர, கீழே சொல்வது எந்த மரத்துக்கும் பொருந்தும். எனக்கு உங்கள் பொந்தைவிட, நீங்கள் சொல்லாமல் விட்ட இடம்தான் அதிகக் கவலை: மரம் மண்ணுக்குள் இறங்குகிற தூர். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பொந்து. மரத்தில் உயிரோடு இருப்பது பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய அடுக்கும் அதை ஒட்டிய வெண்மரமும்தான். நடுவில் இருக்கும் வைரம் ஏற்கெனவே உயிர் போனது. தூண் மாதிரி தாங்கிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் உள்ளே கூடாகிப்போன மரமும் வெளியே பச்சைப் பசேலென்று தழைக்கிறது. அமெரிக்க வனத்துறை ஆய்வாளராக இருந்த அலெக்ஸ் ஷைகோ ஆயிரக்கணக்கான மரங்களை ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து பார்த்தவர். அவர் காட்டியது இது: நம் உடம்பில் புண் ஆறுவதுபோல மரத்தில் ஆறுவதில்லை. கெட்டுப்போன பகுதியைச் சுற்றி மரம் உள்ளுக்குள் ஒரு சுவர் எழுப்பி, அதை அங்கேயே அடைத்துவைத்துவிட்டு, வெளிப்பக்கம் புதிதாக வளர்ந்துகொள்கிறது.

இது புரிந்துவிட்டால் பொந்தை என்ன செய்யக் கூடாது என்பதும் புரிந்துவிடும். சுத்தம் செய்கிறேன் என்று உளியால் சுரண்டினால் அந்தச் சுவர் உடையும். தேங்கிய தண்ணீர் வடியட்டும் என்று கீழே துளை போட்டாலும் அதேதான். சிமெண்ட் வைப்பது பழைய காலத்து வைத்தியம். காற்றில் மரம் வளையும், சிமெண்ட் வளையாது. இரண்டும் உரசுகிற இடத்தில் ஈரம் தங்கி உளுப்பு இன்னும் வசதியாகப் பரவும். பிறகு எப்போதாவது அந்த மரத்தை அறுக்கப் போகிறவரின் ரம்பத்துக்கும் ஆபத்து. பொந்தை அப்படியே விட்டுவிடுங்கள். அணிலோ கிளியோ குடியேறினால் குடியேறட்டும்.

சரி, மரம் நிற்குமா? ஒரு சின்னக் கணக்கு போடலாம். நெஞ்சு உயரத்தில் டேப் வைத்துச் சுற்றளவை எடுங்கள். 188 சென்டிமீட்டர் வந்தால், 3.14-ஆல் வகுக்க விட்டம் 60, அதில் பாதி, ஆரம் 30. மரங்களின் உறுதியை ஆராய்ந்த ஜெர்மானியர் கிளாஸ் மாத்தெக் சொன்ன தோராய விதிப்படி, சுற்றிலும் ஆரத்தில் மூன்றில் ஒரு பங்கு நல்ல மரம் மிஞ்சியிருக்க வேண்டும். அதாவது 10 சென்டிமீட்டர். உள்ளே கூடாக இருப்பது நாம் பயப்படுகிற அளவுக்கு வலுவைக் குறைப்பதில்லை. மூடிய குழாயாக இருந்தால், ஆரத்தில் பாதி காலியாகிப் போனாலும் வளைவைத் தாங்கும் வலு ஆறு சதவீதம்தான் குறையும். ஆனால் உங்கள் மரத்தில் ஒரு பக்கம் வாய் திறந்திருக்கிறது. திறந்த குழாய் மூடிய குழாயைவிட நலிவானது. வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு ஜாக்கிரதை. ஒரு மரச்சுத்தியால் தூரைச் சுற்றித் தட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்கிற இடத்துக்கும் 'தொம்' என்று கேட்கிற இடத்துக்கும் நடுவே சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தால், உள்ளே கூடு எவ்வளவு பரவியிருக்கிறது என்று உத்தேசமாகத் தெரியும்.

இப்போது தூர். ஆரோக்கியமான மரம் மண்ணைத் தொடும் இடத்தில் யானைக்கால் போல விரிந்து, வேர்கள் பக்கவாட்டில் பிரிவது கண்ணுக்குத் தெரியும். கம்பம் நட்டதுபோல நேராக மண்ணுக்குள் இறங்கினால், யாரோ மண் கொட்டி மேடாக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பழைய வீடுகளில் இது சகஜம். ஒவ்வொரு தடவை வேலை நடக்கும்போதும் இடிபாட்டைப் பரப்பித் தரையை உயர்த்திவிடுவார்கள். ஒரு வீட்டில் தழை வெளுத்துக்கொண்டே போன மரத்தின் தூரைக் களைக்கொத்தால் மெதுவாகத் தோண்டினேன். ஒரு முழம் மண்ணுக்குக் கீழேதான் வேர் பிரிந்தது. அதுவரை பட்டை நனைந்த அட்டை மாதிரி விரலோடு வந்தது. அந்த மண்ணுக்குள்ளேயே, எப்போதோ கொடி கட்டிய இரும்புக் கம்பி ஒன்று மரத்துக்குள் முழுசாகப் புதைந்திருந்தது. வீட்டுக்காரர் மூன்று வருஷமாக மேலே மருந்து அடித்துக்கொண்டிருந்தார்.

மண் மூடிய பட்டை அழுகும், வேர் மூச்சுவிட முடியாது. கையாலும் களைக்கொத்தாலும் மட்டும் அந்த மண்ணை அகற்றி, வேர் பிரியும் இடம் வெளியே தெரியும்படி விடுங்கள். கடப்பாரை வேண்டாம். தூரை ஒட்டிப் போட்ட சிமெண்ட் தரை இருந்தால் அதையும் பொறுமையாகப் பெயர்க்க வேண்டும்.

ஆணிவேர் ஆழமாகப் போய்த் தாங்குகிறது என்று நினைப்போம். வளர்ந்த மரத்தில் தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், 30 முதல் 60 சென்டிமீட்டருக்குள்தான் இருக்கும். பரப்பில் கிளை நிழலைத் தாண்டியும் போகும். விட்டத்தைப் போலப் பன்னிரண்டு மடங்கு ஆரத்துக்கு ஒரு வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். 60 சென்டிமீட்டர் மரத்துக்கு 7.2 மீட்டர். அதற்குள் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டுவது, கார் நிறுத்தி மண்ணை இறுக்குவது, கட்டுமானப் பொருள் குவிப்பது எதுவும் வேண்டாம். வேரை வெட்டிய வருஷம் மரம் ஒன்றும் காட்டிக்கொள்ளாது. சில வருஷம் கழித்து உச்சி காயத் தொடங்கும்போது அந்தப் பள்ளம் யாருக்கும் நினைவிருக்காது.

மொட்டையடிக்கிற யோசனையை நான் கடுமையாகவே எதிர்ப்பேன். இலைதான் மரத்தின் அடுப்பு. மொத்தத்தையும் வெட்டினால் மரம் சேமித்துவைத்ததைச் செலவழித்து அவசரமாகக் கற்றைக் கற்றையாகத் துளிர் விடும். பார்க்கப் புத்துயிர் வந்ததுபோல இருக்கும். ஆனால் அந்தக் கொம்புகள் பட்டைக்குச் சற்று உள்ளேதான் ஒட்டிக்கொண்டிருக்கும். பருத்துக் கனமானதும் காற்றில் பிய்த்துக்கொண்டு வரும். இதற்கிடையே வெட்டிய மொட்டைகள் ஒவ்வொன்றிலும் உளுப்பு இறங்கும். இருபது வருஷம் நிற்க வேண்டிய மரத்துக்கு ஐந்து வருஷத்தில் மறுபடி ஆள் கூப்பிட வைக்கிற வேலை இது.

கூரைக்கு மேலுள்ள கிளையை முழுக்க எடுக்க வேண்டியதில்லை. வெட்டுகிற இடத்தின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கும் பக்கக் கிளை ஒன்று எங்கே பிரிகிறதோ, அதுவரை குறைத்தால் எடை இறங்கிவிடும். முழுக் கிளையை எடுக்கத்தான் வேண்டுமென்றால் மூன்று வெட்டு: அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி அடிப்பக்கம் கால்வாசி, அதற்குக் கொஞ்சம் வெளியே மேலிருந்து முழுசாக, கடைசியில் மிச்சக் கட்டையை. முதல் வெட்டு இல்லாவிட்டால் கிளை விழும்போது அடிமரத்துப் பட்டையையும் கிழித்துக்கொண்டு இறங்கும். கிளை பிறக்கும் இடத்தில் வளையல் போட்டதுபோல ஒரு புடைப்பு இருக்கும். வெட்டு அதற்கு வெளியே இருக்கட்டும். சுவர் எழுப்புகிற ஆயுதம் அந்தப் புடைப்புக்குள்தான் இருக்கிறது. வெட்டிய வாயில் தார், பெயிண்ட் எதுவும் பூச வேண்டாம். அவை உளுப்பைத் தடுப்பதில்லை. வயதான மரத்தில் ஒரு தடவைக்குப் பச்சைத் தழையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கவாத்து செய்ய நான் சம்மதிக்க மாட்டேன். காய்ந்த கிளைகள் இந்தக் கணக்கில் சேராது. உயரத்து வேலையும், மின்கம்பி பக்கத்து வேலையும் உங்களுடையது அல்ல. பழகிய ஆளிடம் விடுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் பயத்தில் பாதி நியாயம் இருக்கிறது. நல்ல அஸ்திவாரத்தை வேர் துளைத்துக்கொண்டு போவது அரிது. பிரச்சினை களிமண்ணில் வரும்: மரம் ஈரத்தை உறிஞ்ச மண் சுருங்கும், மேலே சுவர் விரிசல் விடும். ஆனால் அதே மண்ணில் மரத்தை ஒரேயடியாக வெட்டினால் ஈரம் திரும்பி மண் உப்பி, வேறு விதமாக வீட்டைத் தூக்கும். அதனால் களிமண்ணாக இருந்து சுவரில் புது விரிசலும் இருந்தால், வெட்டுவதற்கு முன் கட்டடப் பொறியாளரைக் கேளுங்கள். கழிவுநீர்க் குழாயிலும் வேர் பெரும்பாலும் ஏற்கெனவே கசிகிற இணைப்பு வழியாகத்தான் நுழைகிறது. குழாயை மாற்றுங்கள்.

அப்புறம் மூடாக்கு. காய்ந்த சருகு, மரத்தூள் எதுவானாலும் 5 முதல் 10 சென்டிமீட்டர் கனத்தில் பரப்பலாம். தூரை ஒட்டி ஒரு சாண் இடம் விடுங்கள். நீண்ட வறட்சியில் தண்ணீரைத் தூரில் ஊற்றாமல், கிளை நிழலின் விளிம்பை ஒட்டி மெதுவாக ஊறவிடுங்கள். தழைச்சத்து உரம் போட்டுக் கிழட்டு மரத்தை விரட்ட வேண்டாம்.

இவற்றில் எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது: மரம் புதிதாகச் சாய்ந்து, எதிர்ப்பக்கம் மண் விரிந்தோ புடைத்தோ இருப்பது, தூரிலோ வேரிலோ தட்டுத் தட்டாகக் காளான், அடிமரத்தில் புதிதாக நெடுக ஓடும் வெடிப்பு, குறுகலான கவையில் பட்டை உள்ளே மடங்கிச் சிக்கியிருப்பது. உடனே மரப் பராமரிப்பு தெரிந்தவரை நேரில் வரவழையுங்கள். வந்தவர் தூரைக் குனிந்து பார்க்காமல் அண்ணாந்து உச்சியை மட்டும் பார்த்துவிட்டு விலை சொன்னால், வேறு ஆளைப் பாருங்கள்.

இந்த வாரம் தூரைத் திறந்து, தட்டிப் பார்த்து, நான்கு பக்கமும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதுவரை அந்தக் கிளைக்குக் கீழே வண்டியை நிறுத்த வேண்டாம்.