கடைக் கோழியில் சால்மோனெல்லா: கேள்வி பதில்

தண்டையார்பேட்டை: கோழி வாங்கிவந்தா குழாயைத் திறந்துவிட்டு நல்லா அலசுவோம். கழுவாதீங்கன்னு சொல்றாங்களே, அப்படியே சட்டியில போடணுமா?

சால்மோனெல்லா கோழியோட குடல்ல இருக்கிற கிருமி. குடல் எடுக்கும்போது கிழிஞ்சா கறியில படும், தோல் மடிப்புலயும் றெக்கை பிடுங்கின குழியிலயும் ஒட்டிக்கும். தண்ணியில போகாது. குழாய்த் தண்ணி வேகமா விழுந்தா தெறிச்சுப் பரவத்தான் செய்யும். லைன் வீட்டுல கறி அலசுற இடத்துக்குப் பக்கத்துலதான் குடிதண்ணிக் குடமும் இருக்கும், கவுத்துவெச்ச தட்டும் இருக்கும். குழம்பு கொதிச்சுடும், வெங்காயப் பச்சடி கொதிக்காது.

ரத்தம், எலும்புத் துணுக்கு உறுத்துச்சுன்னா அகலமான குண்டான்ல தண்ணி நிரப்பி, கறியை முக்கி, கையால மெதுவா அலசி, தண்ணியைத் தெறிக்காம சாய்ச்சு ஊத்துங்க. குடத்தையும் தட்டையும் முதல்லயே நகர்த்திடுங்க. அப்புறம் அந்த இடத்தை சோப்பு போட்டுத் தேய்ச்சுட்டு, 1 லிட்டர் தண்ணிக்கு 1 டீஸ்பூன் ப்ளீச் கலந்து ஊத்தி, சில நிமிஷம் விட்டுக் கழுவுங்க. சோப்பு முதல்ல. கொழுப்பும் ரத்தமும் இருந்தா ப்ளீச் வேலை செய்யாது. எலுமிச்சை, வினிகர் எதையும் ப்ளீச்சோட கலக்காதீங்க, நச்சுவாயு வரும்.

கரித்துணி! கறி வெட்டின கையைத் துடைச்ச அதே துணியால மேடையைத் துடைச்சா மேல சொன்னது எல்லாம் வீண்.

ராயபுரம்: எங்கம்மா 40 வருஷமா குழாய்லதான் கழுவுறாங்க. ஒண்ணும் ஆகல.

எல்லாக் கோழியிலயும் இருக்காது, இருந்தாலும் எல்லாருக்கும் வராது. வந்தாலும் 6 மணி நேரத்துலேர்ந்து 6 நாளுக்குள்ள எப்ப வேணா வயித்தால போகும். பழி முந்தாநாள் தின்ன பானிபூரி மேல விழும்.

கொருக்குப்பேட்டை: ராயபுரம் சொல்றதுதான் சரி. மஞ்சள், கல்லுப்பு போட்டு ஊறவெச்சா கிருமி செத்துடும்.

சாகாது. பத்து நிமிஷ மஞ்சள் வாடையைக் குறைக்கும், அவ்வளவுதான். கொல்றது சூடு: கறியோட உள்பக்கம் 74 டிகிரி செல்சியஸ் தொடணும். குழம்புல அது தானா நடந்துடும். மாட்டிக்கிறது லெக் பீஸ் வறுவல்: உறைஞ்ச கறியை நேரா எண்ணெயில போட்டா மேல சிவந்துடும், எலும்பை ஒட்டி வேகாம நிக்கும். முதல் நாளே ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல, மூடின டப்பாவுல வெச்சு உறைவு போக்குங்க. மசாலா தடவி ஊறவைக்கிறதும் உள்ளதான், மேடையில இல்ல.

வியாசர்பாடி: நான் கறிக்கடை வெச்சிருக்கேன். எங்க தப்பு நடக்குது?

நல்ல கேள்வி. உரிக்கிறதுக்கு 8 மணி நேரம் முன்னாடி தீனியை நிறுத்துங்க, தண்ணி மட்டும் குடுங்க. குடல் காலியா இருந்தா கிழிஞ்சாலும் கொட்டாது. சுடுதண்ணிப் பாத்திரத்தையும் றெக்கை பிடுங்குற டிரம்மையும் கவனிங்க. ஒரு கோழியோட எச்சம் அந்தத் தண்ணி வழியா அடுத்த கோழிக்குப் போகும். டிரம்முக்குள்ள இருக்கிற ரப்பர் விரல் வெடிச்சிருந்தா மாத்துங்க, வெடிப்புக்குள்ள பிரஷ் போகாது. குடல் எடுக்கிற கத்தி வேற, துண்டு போடுற கத்தி வேற. மரக்கட்டையை ராத்திரி சுரண்டி, தேய்ச்சு, காயவிடணும். ஈரக்கட்டைதான் மோசம்.

பெரம்பூர்: மருந்துக்கு அடங்காத கிருமி கோழியில இருக்காமே? வேகவெச்சா போயிடுமா?

கிருமி செத்துடும். மருந்துக்கு அடங்காத கிருமி சூட்டுக்கு அடங்கும். கறியில தங்குற மருந்து எச்சம் தனிப் பிரச்சினை, அது வேகவெச்சா முழுசாப் போகாது. மருந்து குடுத்த கோழியைச் சில நாள் கழிச்சுத்தான் வெட்டணும்னு விதி இருக்கிறது அதுக்குத்தான்.

சீக்கு வந்த கோழிக்கு மட்டும் இல்லாம, கொழுக்கணும்னு பண்ணை முழுக்கத் தீனியில ஆன்டிபயாட்டிக் மருந்தைக் கலக்கும்போது தாங்குற கிருமி மட்டும் மிஞ்சிப் பெருகும். அந்தத் தாங்குற மரபணுவை மத்த பாக்டீரியாவுக்கும் குடுக்கும். மனுஷனுக்குக் கடைசி ஆயுதமா வெச்சிருக்கிற கொலிஸ்டின்ங்கிற ஆன்டிபயாட்டிக்கைக் கோழித் தீனியில கலந்துக்கிட்டிருந்தாங்க. 2019 ஜூலையில மத்திய அரசு தடை போட்டது.

வயித்தால போச்சுன்னு மெடிக்கல் ஷாப்புல கேட்டு ஆன்டிபயாட்டிக் முழுங்காதீங்க. திடமானவங்களுக்கு ஓஆர்எஸ் போதும், பெரும்பாலும் ஒரு வாரத்துல சரியாகும். ரத்தம் போனா, கடும் காய்ச்சல் இருந்தா, கைக்குழந்தை, வயசானவங்க, கர்ப்பிணின்னா உடனே ஆஸ்பத்திரி.

எர்ணாவூர்: டைபாய்டு கோழியால வருமா?

வராது. அது வேற வகை சால்மோனெல்லா, மனுஷன்கிட்டேருந்துதான் மனுஷனுக்கு.

காசிமேடு: நாட்டுக்கோழின்னா பயமில்லைல்ல?

அதுக்கும் குடல் இருக்கு.

திருவொற்றியூர்: ஹார்மோன் ஊசி போடறாங்களாமே?

போடறதில்ல. சீக்கிரம் வளர்றது இனத்தாலயும் தீனியாலயும். அது இன்னிக்குப் பேச்சு இல்ல.

மணலி: மஞ்சள் தடவினா போதாதா?

கொருக்குப்பேட்டைக்குச் சொன்ன பதிலைப் படிங்க.

வண்ணாரப்பேட்டை: அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடையில சாப்பிடலாமா?

கோழி வெட்டின பலகையிலயே கோஸும் வெங்காயமும் அரியறாங்களான்னு பாருங்க. அதுரெண்டும் பச்சையாத்தான் தட்டுக்கு வருது. பலகை வேற, கத்தி வேறன்னா தாராளமா சாப்பிடுங்க. கரித்துணியையும் ஒரு பார்வை பாருங்க.